வயர் போக வழியுண்டா?
இரும்புக்குள் ஒரு தேடல் – தொடர்

கண்ணாடிக் கூட்டுக்குள் மியூவான் என்ற துகள் புகுந்தால் மின் துடிப்பு எழும் என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்தத் துடிப்பை வெளியே கொண்டுவர வேண்டும். இந்த வாரம் வயரின் கதை. பெரிய கருவிகளைப் பற்றிப் பேசும்போது காந்தத்தைச் சொல்கிறோம், கணினியைச் சொல்கிறோம், வயரை மறந்துவிடுகிறோம். கட்டுகிறவர்களுக்கோ பாதித் தலைவலி அதுதான்.

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து அமைக்கத் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ கருவியையே எடுத்துக்கொள்வோம். 50,000 டன் இரும்பு, மூன்று தொகுதிகள். ஒவ்வொன்றும் 16 மீட்டர் சதுரம். 5.6 செ.மீ. கனத்தில் 151 இரும்பு அடுக்குகள். அடுக்குகளுக்கு நடுவே 4 செ.மீ. சந்து. அந்தச் சந்துக்குள்தான் இரண்டு மீட்டர் சதுரக் கண்ணாடிக் கூடு நுழைய வேண்டும். கூட்டின் மேலும் கீழும் மூன்று செ.மீ.க்கு ஒன்றாகத் தாமிரப் பட்டைகள், பக்கத்துக்கு 64. ஆக ஒரு கூட்டுக்கு 128 பட்டை; ஓர் அடுக்கில் 64 கூடு; தொகுதிக்கு 150 அடுக்கு. பெருக்கினால் ஒரே தொகுதியில் 12 லட்சத்துக்கும் மேல். பட்டைக்கு ஒரு வயர், அதுவும் மூன்று மில்லிமீட்டர் தடிமன்தான் என்றாலும், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினால் கட்டின் குறுக்குவெட்டு 11 சதுர மீட்டர். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையையே அடைத்துக்கொள்ளும். கருவியின் சட்டகத்தில் அதற்கு எங்கே இடம்?

இடம் மட்டுமல்ல சிக்கல். வயரில் துடிப்பு ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 5 நானோவிநாடி ஆகும். கூடோ ஒரு நானோவிநாடி அளவுக்குத் துல்லியமாக நேரம் காட்டக்கூடியது. நீளமான வயரில் போகப்போகத் துடிப்பின் கூர்மை மழுங்கும்.

வயரை மெலிதாக்கிப் பயனில்லை என்று தெரிந்ததும், வெளியே நடக்க வேண்டிய வேலையையே கூட்டின் விளிம்புக்குக் கொண்டுபோனார்கள். பட்டை முடியும் இடத்திலேயே பெருக்கிச் சில்லு. கூட்டின் ஒரு மூலையில் சின்ன மின்னணுப் பலகை. எந்தப் பட்டை, எந்த நேரம் என்று எண்ணாக மாற்றும் வேலை அங்கேயே முடிந்துவிடும். வெளியே வருவது வீட்டு இன்டர்நெட்டுக்குப் போடுவது போன்ற ஓர் ஈதர்நெட் கேபிள். கூட்டுக்குத் தேவையான சுமார் 10,000 வோல்ட்டையும் தடித்த கேபிளில் இழுத்து வராமல், கூட்டருகிலேயே ஒரு சிறு பெட்டியில் உண்டாக்கும் வடிவமைப்பும் உண்டு. மலையை இன்னும் குடையவில்லை. எதிர்ப்பும் வழக்கும் நீள்கின்றன. ஆனால் 11 இரும்பு அடுக்கும் 20 கூடுகளும் கொண்ட 85 டன் மாதிரிக் கருவி 2018 முதல் மதுரையில் இயங்கி, இந்த ஏற்பாட்டைச் சோதித்துக் காட்டியது. நம் ஊர்ப் பொறியாளர்களின் இந்த வேலை வெளியே தெரியாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

மின்சாரம் கொண்டுபோகும் வயருக்குக் கணக்கு வேறு. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் குறுவைக்கு மோட்டார் ஓட்டுகிறவர்களுக்கு அது மனப்பாடம். டிரான்ஸ்பார்மருக்குத் தள்ளியிருக்கும் போர்செட்டில் வோல்டேஜ் இறங்கும், மோட்டார் சூடேறும், காயில் கருகும். வயரின் மின்தடைதான் காரணம்; அதில் வீணாகும் மின்திறனோ ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். நல்ல தீர்வு: உயர் வோல்டேஜில் கொண்டுவந்து, வயலருகே இறக்குவது.

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் சி.எம்.எஸ். கருவியில் 2017-இல் அதையே செய்தார்கள். நடுவில் உள்ள பிக்சல் உணரியை மாற்றியபோது சேனல்கள் 6.6 கோடியிலிருந்து 12.4 கோடியாயின, மின்தேவை ஏறக்குறைய இரட்டித்தது. புதுக் கேபிள் போடவோ கருவியின் சட்டகத்தில் வழியில்லை. சுமார் 10 வோல்ட்டில் அனுப்பி, உணரியருகே சிறு மாற்றிகள் வைத்து இறக்கினார்கள். 3.8 டெஸ்லா காந்தப்புலத்தில் இரும்பு உள்ளகம் உதவாது. வெறுங்காற்றைச் சுற்றிய சுருள்களே போட்டார்கள்.

அங்கே வயர் பருமன் இன்னொரு வகையிலும் பகை. துகள் வயரில் பட்டால் பாதை கோணும், ஆகவே தாமிரத்துக்குப் பதில் அலுமினியம். அதே மின்தடைக்கு அலுமினியக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். இருந்தும் துகளுக்கு அது தரும் மறிப்பு தாமிரத்தில் கால் பங்குதான். இடம் மிச்சமா, மறிப்பு மிச்சமா என்பதில் ஒன்றைத்தான் பிடிக்க முடிகிறது.

வேலையை உள்ளே கொண்டுபோனதற்கு விலையும் கொடுத்தார்கள். 2017 அக்டோபரில் அந்த மாற்றிகள் ஒவ்வொன்றாகப் பழுதாயின. கதிர்வீச்சு பட்ட சில்லு, அணைத்து வைக்கும்போது கெட்டது. குளிர்கால நிறுத்தத்தில் உணரியை வெளியே எடுத்து மாற்றிகளைப் புதிதாகப் போட்டார்கள். எடுக்க வழி வைத்திருந்ததால் பிழைத்தார்கள். என்னைக் கேட்டால், உள்ளே ஒரு சில்லு போகிறதென்றால் அதை வெளியே இழுக்கும் பாதையையும் அதே வரைபடத்தில் வரைந்துவிட வேண்டும்.

உள்ளே போன சில்லுகள் சூடாகும். பொட்டிப்புரக் கருவியின் சந்தோ நான்கு செ.மீ.தான். அந்தச் சூட்டை எப்படி வெளியேற்றுவது என்பது அடுத்த வாரம்.