டிராம்பேயின் கறுப்புக் கண்ணாடி: தெரியுமா?

மும்பையின் வடாலா ஸ்டேஷன் வாசலில் கட்டிங் சாய் குடித்து முடித்ததும் அந்தச் சின்னக் கண்ணாடி கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். விளிம்பு மழுங்கியிருக்கும், உடம்பெல்லாம் கீறல். ஆனாலும் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவதைத் தாங்கிக்கொண்டேயிருக்கும். இந்தக் கண்ணாடியின் உறவுக்காரன் ஒருவனை நம்பித்தான் மனிதன் தன் மிகக் கொடிய குப்பையைப் பூட்டி வைத்திருக்கிறான், தெரியுமா? அதுவும் நம் பக்கத்திலேயே!

வடாலாவின் பக்தி பார்க் பகுதியில் ஒரு மாடியில் ஏறிக் கிழக்கே பாருங்கள். உப்பளம், அலையாத்திக் காடு, புகைபோக்கிகள், அப்புறம் டிராம்பே மலை. அங்கேதான் பாபா அணு ஆராய்ச்சி மையம். வடாலாவிலிருந்து நேர்கோட்டில் ஆறேழு கிலோமீட்டர். உலையில் பயன்பட்டு முடிந்த எரிபொருளை 1960-களிலிருந்தே அங்கே அமிலத்தில் கரைத்துப் புளுட்டோனியத்தைப் பிரிக்கிறார்கள். மிஞ்சும் கதிர்வீச்சுத் திரவத்தைக் கண்ணாடியாக்கும் ஆலை 2002-இல் அங்கேயே இயங்கத் தொடங்கியது.

கழிவைக் கண்ணாடிக்குள் அடைத்து வைப்பதாக நினைத்துவிடாதீர்கள். கடலை மிட்டாயில் கடலை தனியாகத் தெரியும். பாயசத்தில் வெல்லம் தெரியுமா? இது பாயசக் கணக்கு! ஏறக்குறைய ஆயிரம் டிகிரியில் கழிவின் அணுக்களே கண்ணாடியின் பின்னலில் கலந்துவிடுகின்றன. சமையலறை போரோசில் பாத்திரத்தின் இனமான போரோசிலிகேட் கண்ணாடிதான் இது. உருகியதை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருளைகளில் ஊற்றி, மூடியை வெல்டிங் செய்துவிடுவார்கள்.

டிராம்பேக்கு மட்டும் ஒரு தனித் தலைவலி இருந்தது. அங்கே பிரித்தெடுக்கும் வேலையில் சேர்த்த ஒரு ரசாயனத்தால் கழிவில் சல்பேட் தங்கிவிட்டது. சாதாரண போரோசிலிகேட் அதை ஏற்காது. காய்ச்சிய பாலில் ஆடை மாதிரி, உருகிய கண்ணாடியின் மேல் மஞ்சளாக ஒரு படலம் மிதக்கும். கழிவிலுள்ள கதிர்வீச்சுச் சீசியத்தையும் இழுத்துக்கொள்ளும் அந்தப் படலம் தண்ணீரில் கரையக்கூடியது! நம் விஞ்ஞானிகள் பேரியம் சேர்த்த கண்ணாடியை உருவாக்கி, சல்பேட்டையும் பின்னலுக்குள் இருத்தினார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

சரி, உள்ளேயிருந்தே கதிர்வீச்சு அடித்துக்கொண்டிருந்தால் கண்ணாடி தாங்குமா? ரேடியம் வைத்த கண்ணாடி ஊதாவாக நிறம் மாறுவதைக் கியூரி தம்பதி 1899-இலேயே கவனித்துவிட்டார்கள். நிறம் போனால் போகட்டும், உடம்பு? முதல் சில நூறு ஆண்டுகள் சீசியம், ஸ்ட்ரான்ஷியத்தின் ராஜ்யம். அப்புறம் ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு ஆல்ஃபா சிதைவு. ஒவ்வொரு சிதைவிலும், ஆல்ஃபா துகளை உமிழ்ந்த அணுக்கரு துப்பாக்கியைப் போலப் பின்னால் உதைத்து, சுற்றியுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணுக்களை இடம்பெயர்த்துவிடும்!

அத்தனை காலம் காத்திருந்தா சோதிக்க முடியும்? பிரான்ஸின் மார்கூல் அணு ஆய்வு மையத்தில் ஒரு வழி கண்டார்கள். 18 ஆண்டு அரை ஆயுள் உள்ள கியூரியம்-244-ஐக் கண்ணாடியில் கலந்தால், பல ஆயிரம் ஆண்டு அடியும் சில ஆண்டுகளுக்குள் விழுந்துவிடும். கிடைத்த பதில்? கண்ணாடி ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே உப்பியது. கடினத்தன்மை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் விரிசலை எதிர்க்கும் திறன் கூடியது! ஒரு கட்டத்துக்குப் பிறகு மாற்றமே நின்றுவிட்டது. அதைவிட அதிசயம், உதைத்த கரு செய்த சேதத்தில் ஒரு பகுதியை, அதே சிதைவில் பிறந்த ஆல்ஃபா துகள்களே போகிற வழியில் ஆற்றிவிடுகின்றன.

நிஜ எதிரி தண்ணீர்தான். அதற்கும் கண்ணாடி, தன் மேலேயே சிலிக்கா நிறைந்த கூழ்ப்படலம் ஒன்றைப் போர்த்திக்கொண்டு கரைவதைத் தாமதப்படுத்துகிறது. புதுச்சேரி அருகேயுள்ள அரிக்கமேட்டு மண்ணில் ஈராயிரம் ஆண்டு கிடந்த கண்ணாடி மணிகளை நினைத்துப் பாருங்கள். அவை வேறு வகைக் கண்ணாடிதான், ஆனாலும் மண்ணும் மழையும் அவற்றைத் தின்றுவிடவில்லை.

இன்னொன்று தெரியுமா? டிராம்பேயில் கழிவிலிருந்து சீசியத்தை மட்டும் பிரித்து, அதையும் கண்ணாடியாக்கி, பென்சில் போன்ற உலோகக் குழல்களில் அடைக்கிறார்கள். நோயாளிக்கு ஏற்றும் முன் ரத்தப் பையை அதன் கதிரில் சற்று நேரம் காட்டினால், அந்த ரத்தத்தின் வெள்ளணுக்களால் பெறுபவரின் உடலைத் தாக்க முடியாது. அந்தப் பென்சிலுக்குள் இருக்கும் கண்ணாடியோ, தன் சொந்தக் கதிரில் ராப்பகலாக நனைந்துகொண்டே அந்த வேலையைச் செய்கிறது.