பஸ் ஏன் உடனே நிற்பதில்லை?

காலை நேரம். புதுச்சேரி–கடலூர் சாலையில் உள்ள தவளக்குப்பம் நான்குமுனைச் சந்திப்பு. மேற்கே அபிஷேகப்பாக்கம் பக்கமிருந்தும் கிழக்கே நல்லவாடு பக்கமிருந்தும் வந்த மாணவர்கள் புத்தகப் பையுடன் நிற்கிறார்கள். பள்ளிக்கூட பஸ் வருகிறது. இடம் கிடைத்தவர்கள் உட்காருகிறார்கள். மற்றவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பஸ் சுண்ணாம்பாற்றுப் பாலத்தைத் தாண்டி அரியாங்குப்பத்தை நெருங்குகிறது. திடீரென்று ஒரு மாடு குறுக்கே வருகிறது. டிரைவர் பிரேக்கை அழுத்துகிறார். நின்றிருந்தவர்கள் எல்லாரும் முன்பக்கம் சாய்கிறார்கள்!

யார் தள்ளியது? யாரும் தள்ளவில்லை. இது நீங்கள் தினமும் காணும் காட்சிதான். ஆனால் இதற்குப் பின்னால் உள்ள அறிவியல், பல உயிர்களைக் காக்கக்கூடியது.

ஒரு மாணவனின் விந்தையான நாள்

2023ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள வாரன் நகரம். பள்ளி விட்டு, சுமார் 66 மாணவர்களுடன் ஒரு பஸ் சென்றுகொண்டிருந்தது. ஓட்டி வந்த பெண்மணிக்குத் தலை சுற்றியது. வானொலிக் கருவியில் அலுவலகத்துக்குத் தகவல் சொன்னார். ஆனால் பஸ்ஸை ஓரங்கட்டுவதற்குள் நினைவிழந்து சாய்ந்துவிட்டார். பஸ் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

பெரும்பாலான மாணவர்கள் இதைக் கவனிக்கவில்லை. சில வரிசைகள் பின்னால் உட்கார்ந்திருந்த ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் கவனித்தான். வயது 13. பையைக் கீழே போட்டுவிட்டு முன்னால் ஓடினான். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தான். பஸ் சாலை நடுவே நின்றது. "யாராவது அவசர உதவிக்குப் போன் செய்யுங்கள்!" என்று கத்தினான். மாணவர்கள் எவருக்கும் காயம் இல்லை. பஸ்ஸை நிறுத்த எப்படித் தெரிந்துகொண்டாய் என்று கேட்டபோது, டிரைவர் ஓட்டுவதைத் தினமும் பார்த்திருக்கிறேன் என்றானாம். அவனிடம் அப்போது செல்போன் இல்லை என்பதும் ஒரு செய்தி!

சரி, டிரைவர் நினைவிழந்ததும் பஸ் தானாக ஏன் நிற்கவில்லை?

நிலைமம்

ஓடும் பொருள், வெளியிலிருந்து ஒரு விசை தடுக்காதவரை அதே வேகத்தில் நேராக ஓடவே முயலும். 1687ஆம் ஆண்டு நியூட்டன் வெளியிட்ட முதல் விதி இது. பொருளின் இந்தக் குணத்துக்கு நிலைமம் என்று பெயர். நிறை அதிகமானால் நிலைமமும் அதிகம்.

பஸ் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், உள்ளே நிற்கும் நீங்களும் அதே வேகத்தில்தான் போகிறீர்கள். அதாவது வினாடிக்கு 11 மீட்டர். பிரேக் பிடிப்பது பஸ்ஸின் சக்கரத்தைத்தான், உங்களை அல்ல. உங்களை நிறுத்துவது காலடியில் உள்ள உராய்வும் நீங்கள் பிடித்திருக்கும் கம்பியும்தான்.

எவ்வளவு விசை வேண்டும்? உங்கள் எடை 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டிரைவர் பலமாக பிரேக் பிடிக்க, பஸ்ஸின் வேகம் ஒவ்வொரு வினாடியிலும் வினாடிக்கு 5 மீட்டர் குறைகிறது. அப்போது உங்களை நிறுத்த 200 நியூட்டன் விசை தேவை. இது 20 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிப் பிடிக்கத் தேவையான விசைக்குச் சமம்! படியில் ஒற்றைக் கையால் தொங்குபவரின் நிலை என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

மெதுவாக, வினாடிக்கு 1 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்தால் 40 நியூட்டன் போதும். ஆனால் பஸ் நிற்க 12 மீட்டருக்குப் பதில் 62 மீட்டர் ஆகும். மென்மையாக நிற்க வேண்டுமானால் நீளமான சாலை வேண்டும். முன்கூட்டியே பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைப்பவரே திறமையான டிரைவர்.

வேகம் கூடினால்?

10 டன் எடையுள்ள பஸ் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல், 6 மீட்டர் உயரத்திலிருந்து அது கீழே விழுந்தால் பெறும் ஆற்றலுக்குச் சமம். அதாவது இரண்டு மாடி உயரம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால்? 9 மீட்டர் என்று சொல்லிவிடாதீர்கள். 14 மீட்டர்! இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. இந்த ஆற்றல் முழுவதையும் பிரேக் வெப்பமாக மாற்றியாக வேண்டும். நெடுந்தூரம் இறக்கத்தில் வந்த பஸ்ஸின் சக்கரத்தருகே தீய்ந்த வாடை அடிப்பது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. ஆபத்தைக் கண்டு, மூளை முடிவு செய்து, கால் பிரேக்கை அடைய ஏறக்குறைய 1 வினாடி ஆகிறது. அதற்குள் பஸ் முழு வேகத்தில் ஓடிவிடும். கணக்கைப் பாருங்கள்:

40 கி.மீ. வேகம்: 11 + 12 = 23 மீட்டர்.
60 கி.மீ. வேகம்: 17 + 28 = 45 மீட்டர்.

இது உலர்ந்த சாலைக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் உராய்வு பாதியாகக் குறைந்தால், 60 கி.மீ. வேகத்தில் வரும் பஸ் நிற்க 73 மீட்டர் ஆகும்.

செய்து பாருங்கள்

உங்கள் நண்பர் ஓர் அடிஅளவுகோலைச் செங்குத்தாகப் பிடிக்கட்டும். கீழே 0 குறிக்கு இருபுறமும் உங்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொடாமல் இருக்கட்டும். அவர் சொல்லாமல் விட வேண்டும். நீங்கள் பிடிக்க வேண்டும். 10 செ.மீ.யில் பிடித்தால் உங்களுக்கு ஆன நேரம் 0.14 வினாடி, 20 செ.மீ. என்றால் 0.20 வினாடி; 30 செ.மீ. என்றால் 0.25 வினாடி. பிறகு பேசிக்கொண்டே செய்து பாருங்கள். அளவு கூடுகிறதா? டிரைவரிடம் பேச்சுக் கொடுக்கக்கூடாது என்பது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

வெள்ளக்கோவிலில்

2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் திருப்பூர் மாவட்டம் வெள்ளக்கோவிலில் பள்ளி வேன் ஓட்டிச் சென்ற சேமலையப்பனுக்குத் திடீரென்று மாரடைப்பு ஏற்பட்டது. வலியோடு வேனைச் சாலையோரம் கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளே இருந்த 20 குழந்தைகளும் தப்பினர். அவர் உயிர் பிரிந்தது. நிலைமமும் வேகமும் என்ன செய்யும் என்பது அவர் கைகளுக்குத் தெரிந்திருந்தது.

நீங்கள் பஸ் ஓட்டிப் பழக வேண்டும் என்று சொல்லவில்லை. டிரைவர் தளர்வதைக் கண்டால் உடனே குரல் கொடுத்து உதவியாளரை அழையுங்கள். கவனித்திருப்பதுதான் முக்கியம்.

மாலையில் தவளக்குப்பத்தில் இறங்குகிறீர்கள். வீடு சாலைக்கு அந்தப்புறம். பஸ்ஸின் முன்னால் புகுந்து ஓடத் தோன்றும். நில்லுங்கள்! பஸ் உங்களை மறைத்திருக்கிறது. அதை முந்திக்கொண்டு 60 கி.மீ. வேகத்தில் ஒரு லாரி வரலாம். 20 மீட்டர் தொலைவில் அதன் டிரைவர் உங்களைப் பார்த்தால், அவர் கால் பிரேக்கைத் தொடுவதற்குள் லாரி 17 மீட்டர் வந்துவிடும். மீதி 3 மீட்டரில் எந்த டிரைவராலும் அதை நிறுத்த முடியாது.

பஸ் போகட்டும். இருபுறமும் சாலை தெளிவாகத் தெரியட்டும். பிறகு கடந்து செல்லுங்கள்.