ஆஃபர் லெட்டருக்குப் பிறகு வரும் விசாரணை

நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டை நம்பிப் பிழைக்கும் வீடுகளில் இருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகள், என் கம்ப்யூட்டர் சென்டருக்குத்தான் சான்றிதழ் ஃபைலோடு வருகிறார்கள். "பேக்ரவுண்டு வெரிஃபிகேஷன்னு மெயில் வந்திருக்குண்ணே, வேலை போயிருமா?" என்று கேட்கும்போதே குரல் கம்மிவிடும்.

பயப்பட ஒன்றுமில்லை. கம்பெனி அமர்த்தும் ஏஜென்சி, படிப்பு, பழைய வேலை, முகவரி, போலீஸ் வழக்கு இவற்றைத்தான் பெரும்பாலும் விசாரிக்கும்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் முதலில் இடறுவது பெயரில். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'முத்துலட்சுமி கே' என்றிருக்கும். பான் கார்டில் அப்பா பெயரும் சேர்ந்து 'முத்துலட்சுமி கருப்பையா' ஆகியிருக்கும். ஆதாரின் ஆங்கிலப் பெயரில் லட்சுமிக்கு 'கே.எஸ்.எச்.' போய் 'எக்ஸ்' வந்திருக்கும். மூன்றும் ஒரே பெண்தான் என்பது நமக்குத் தெரியும். இனிஷியல் வழக்கமே இல்லாத ஊரில் உட்கார்ந்து சரிபார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துவதே நல்லது.

அடுத்தது, சில மாதம் பார்த்துவிட்டு நின்ற வேலை. ரெஸ்யூமில் அதை விட்டுவிடுவார்கள். பி.எஃப். பிடித்திருந்தால், சேர்ந்த தேதியும் நின்ற தேதியும் யூ.ஏ.என். என்ற பி.எஃப். எண்ணில் பதிவாகியிருக்கும். 2014-ல் வந்த ஏற்பாடு இது; எத்தனை கம்பெனி மாறினாலும் எண் ஒன்றுதான். காசு வாங்கிக்கொண்டு அனுபவச் சான்றிதழ் அடித்துத் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்தத் தாள் பிள்ளையின் எதிர்காலத்தையே கெடுத்துவிடும்.

திருவிழாத் தகராறில் பெயர் சேர்ந்த பையன்கள்தான் அதிகம் கலங்குகிறார்கள். அவதார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவர்களுக்குச் சொல்வேன். அரசுப் பணி பற்றிய தீர்ப்பு அது. வழக்கு உண்டா என்று கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். மறைத்தால் வேலையை விட்டு நீக்கலாம். ஆனால், இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற சின்னக் குற்றமென்றால், மறைத்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ள வேலை தருபவருக்கு இடமுண்டு. சொல்லிவிட்டாலே வேலை உறுதி என்றில்லை; காவலர் பணிக்கு விதிகள் இன்னும் கடுமை. இருந்தாலும் சொல்வதே மேல்.

கம்பெனி போலீஸ் நன்னடத்தைச் சான்று கேட்டால், அதற்குத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம்.

கடைசி வருடம் படிக்கும்போதே சான்றிதழையும் ஆதாரையும் அருகருகே வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தும்போதும் நிதானம் வேண்டும். ஆதாரில் பெயரை மாற்ற பொதுவாக வாழ்நாளில் இரண்டு முறைதான் அனுமதி.