கைப்பிடிக்குள் ஒளிந்திருக்கும் அறிவியல்

மாணவர்களே, உங்கள் தாத்தாவோ பாட்டியோ ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களா? அப்படியானால் அவர்களுடைய பழைய சீவுகத்தி இன்னும் வீட்டில் எங்காவது கிடக்கக்கூடும். அடுத்த முறை அதைக் கண்டால் கூர்முனையை விட்டுவிட்டுக் கைப்பிடியை உற்றுப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் விரல்கள் பட்டு மெருகேறிய மரத்துண்டு அது. ஏன் மரம்? இரும்பாலேயே பிடியும் செய்திருக்கலாமே?

விடை தெரிய வேண்டுமானால் அந்த வேலையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் பட்டையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு மட்டுமே சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கி, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் உள்ள வளர்திசுவைத் தொட்டுவிட்டால் மரத்தில் காயம் விழும். அந்த இடத்தில் வளரும் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக இருக்கும். பிறகு அங்கே சரியாகச் சீவ முடியாது. இவ்வளவு நுணுக்கமான வேலை விடியுமுன்னே, நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில் நடந்தது. கையில் பனி ஈரமும் வியர்வையும் மரப்பாலும் ஒட்டியிருக்கும். பிடி வழுக்கினால் மரத்துக்கும் காயம், கைக்கும் காயம்.

தொட்டால் சுடுவது எது?

வீட்டில் நிழலில் கிடக்கும் மரக்கரண்டியையும் எவர்சில்வர் கரண்டியையும் ஒரே நேரத்தில் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. ஆனாலும் எவர்சில்வர் சில்லென்று இருக்கும். அது உங்கள் விரலின் வெப்பத்தை வேகமாக இழுத்துக்கொள்வதே காரணம். எவர்சில்வர் மரத்தைவிட நூறு மடங்கு அளவுக்கு வெப்பத்தைக் கடத்தும். அலுமினியமோ ஆயிரம் மடங்குக்கும் மேல். வெயிலில் கிடந்த உலோகப் பிடி கையைச் சுடுவதற்கும் இதுவே காரணம். மரத்துக்குள் காற்று நிறைந்த நுண்ணிய குழாய்கள் இருப்பதால் வெப்பம் மெதுவாகத்தான் நகரும்.

மரத்துக்கும் குறை உண்டு. அந்தக் குழாய்கள் ஈரத்தை உறிஞ்சும். மரம் உப்பும், காயும்போது சுருங்கும். மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் நம் நாட்டில் சில ஆண்டுகளில் பிடி ஆட்டம் காண்பது இதனால்தான்.

ஒரு பாராங் பிடி கடலைக் கடந்த கதை

1842ஆம் ஆண்டு சிங்கப்பூரில் வில்லியம் மாண்ட்கோமெரி என்ற மருத்துவர், மலாய் மரவெட்டி ஒருவரின் பாராங் கத்தியைக் கண்டு வியந்தார். அதன் பிடி மரமும் இல்லை, கொம்பும் இல்லை. விசாரித்தபோது, அது 'கெத்தா பெர்ச்சா' என்ற மரப்பிசின் என்று தெரியவந்தது. அந்தப் பிசினைக் கொதிநீரில் இட்டால் களிமண்போல் இளகும். விரும்பிய வடிவில் கையால் பிடித்துவிடலாம். ஆறியதும் கெட்டியாகிவிடும்.

மாண்ட்கோமெரி அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். அங்குள்ள கலைக் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. அந்த மரவெட்டியின் பெயர் மட்டும் நமக்கு வந்து சேரவில்லை.

கெத்தா பெர்ச்சா மின்சாரத்தைக் கடத்தாது, கடல்நீரிலும் கெடாது. எனவே கடலடித் தந்திக் கம்பிகளுக்கு அதையே உறையாகப் போட்டார்கள். 1851இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கம்பி, 1866இல் அட்லாண்டிக் கடலைக் கடந்த கம்பி என்று உலகமே தந்தியால் இணைந்தது. அதற்கு நம் மண்ணின் காட்டுமரங்கள் விலை கொடுத்தன. மரத்தைச் சாய்த்துத்தான் அந்தப் பிசினை எடுத்தார்கள். ஒரு மரத்தில் கிடைத்ததோ கொஞ்சம்தான். தீபகற்பக் காடுகளில் அம்மரங்கள் அருகிப்போயின.

பால்மரத்தின் கதை வேறு. மரத்தைச் சாய்க்காமல், பட்டையை மட்டும் சீவி ஆண்டுக்கணக்கில் பால் எடுக்கலாம். 1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். அதுவே மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம். பின்னாளில் பெருகிய தோட்டங்களுக்குத்தான் நம் முன்னோர் கப்பலேறி வந்தார்கள்.

ஒரே மூலக்கூறு, இரண்டு குணம்

இப்போது வேதியியலுக்கு வருவோம். ரப்பரும் கெத்தா பெர்ச்சாவும் ஐசோப்ரீன் என்ற ஒரே அலகால் ஆன நீண்ட சங்கிலிகள். அலகுகள் கோக்கப்பட்ட விதம்தான் வேறு. ரப்பரில் சங்கிலி ஒரே பக்கமாக வளைந்து வளைந்து சுருண்டுகொள்கிறது. அதனால் இழுத்தால் நீள்கிறது. கெத்தா பெர்ச்சாவில் அலகுகள் பக்கம் மாறி மாறி அமைவதால் சங்கிலி ஓரளவு நேராக நீண்டு, விறகு அடுக்கியதுபோல் நெருங்கிப் படிகிறது; அதனால் கெட்டியாக இருக்கிறது. ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் அந்த அடுக்கு கலைந்து இளகுகிறது. அதாவது, பெயர் பிறப்பதற்கு முன்பே மலாய் மக்கள் பயன்படுத்திய வெப்ப இளகு நெகிழி அது.

ரப்பராலும் கெட்டியான பிடி செய்ய முடியும். சாதாரண ரப்பர்ப் பொருளில் சில விழுக்காடு கந்தகம் சேர்ப்பார்கள். அதையே 30 விழுக்காடு அளவுக்குச் சேர்த்து நெடுநேரம் சூடாக்கினால் சங்கிலிகளுக்கு நடுவே எண்ணற்ற பாலங்கள் விழுந்து, கருங்காலிபோல் கறுத்து இறுகும். இதுதான் எபோனைட். கத்திப்பிடி, ஊற்றுப்பேனா என்று பலவற்றுக்கும் அது பயன்பட்டது.

இன்றைய மடக்குக் கத்தியில்

மடக்குக் கத்தியின் பிடிக்கு இரட்டை வேலை. கைக்குப் பிடியாகவும், அலகு மடங்கி உறங்கும் வீடாகவும் அது இருக்க வேண்டும். மரம் உப்பினால் அலகு சிக்கிக்கொள்ளலாம். அதனால் பல கத்திகளில் பிடியின் உட்புறம் மெல்லிய எஃகுத் தகடு வைக்கிறார்கள். 1891இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கார்ல் எல்செனர் கொடுத்த கத்தியின் பிடியும் மரம்தான். இன்று நாம் அறிந்த அந்தச் சிவப்புப் பிடி, செல்லுலோசிலிருந்து செய்த நெகிழி.

எவர்சில்வர் உறுதியானது, ஆனால் கனம், ஈரத்தில் வழுக்கும். அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8 கிராம். அலுமினியம் 2.7 கிராம், டைட்டானியம் 4.5 கிராம். கண்ணாடி இழை கலந்த நைலான் இலேசானது, மலிவானது. ஜி-10 என்பது கண்ணாடி இழைத் துணிகளை எபாக்சிப் பிசினில் தோய்த்து, அழுத்திச் சூடேற்றிய பலகை. அது நீரை உறிஞ்சாத அளவுக்குத்தான். சொரசொரப்பாகச் செதுக்கினால் ஈரக்கையிலும் நழுவாது. ஆனால் அதை அரைக்கும்போது எழும் தூசு நுரையீரலுக்குக் கேடு.

ஆக, எல்லா வேலைக்கும் சிறந்த பிடி என்று ஒன்று கிடையாது. செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளுக்கு நீண்ட அலுமினியக் கம்பு வசதியானது, ஏனென்றால் அது கனமில்லை. அதே கம்பு மேலே போகும் மின்கம்பியில் பட்டால் உயிரே போய்விடும். தோட்டத்தில் வேலை செய்யும் உறவினர் இருந்தால் இதை அவர்களுக்கும் நினைவூட்டுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

இதற்குக் கத்தி வேண்டாம். மரம், பிளாஸ்டிக், எஃகு ஆகியவற்றால் ஆன மூன்று அடிக்கோல்களை ஒரு பலகைமேல் வையுங்கள். பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். ஒவ்வொன்றும் எந்தக் கோணத்தில் சறுக்குகிறது என்று குறியுங்கள். அந்தக் கோணத்தின் டேன்ஜெண்ட் மதிப்பே உராய்வுக் கெழு. பிறகு சோப்புத் தண்ணீர் தடவி மீண்டும் செய்யுங்கள். ஈரத்தில் எதன் மதிப்பு அதிகம் குறைந்தது? உங்கள் விடையை அறிவியல் ஆசிரியரிடம் காட்டிப் பேசுங்கள். மடக்குக் கத்தியைப் பள்ளிக்குக் கொண்டுபோகாதீர்கள். சாரணர் முகாமிலும் ஆசிரியர் அனுமதித்தால் மட்டுமே.

இன்னொரு சிறு வேலை. பால்மரம் சீவிய பாட்டி இருந்தால் அவரது உள்ளங்கையைத் தொட்டுப் பாருங்கள். பிடி அழுந்திய இடத்தில் தோல் காய்த்துப்போயிருக்கலாம். அந்தக் கத்தியை எப்படிப் பிடித்தார் என்று கேளுங்கள். எந்தப் பாடநூலிலும் இல்லாத ஒரு விளக்கம் உங்களுக்குக் கிடைக்கும். அதை எழுதி வையுங்கள்; பெயரோடு.