கம்பெனி நாற்காலியும் ஊர்ப் பணியும்

பெரிய கம்பெனியை நடத்துபவர் மாநகராட்சிக் கணக்கு வழக்கில் தலையிடுவாரா? நந்தன் நீலேகணி தலையிட்டார். 1981-இல் இன்ஃபோசிஸைத் தொடங்கிய ஏழு பேரில் ஒருவர் அவர். 1999-இல் கர்நாடக முதலமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணா, பெங்களூரைச் சீர்ப்படுத்த ஒரு பணிக்குழு அமைத்து, அவரைத் தலைவராக்கினார். சொத்து வரியை வீட்டுக்காரரே கணக்கிட்டுக் கட்டும் முறை அங்கே வந்தது அந்தக் காலத்தில்தான். வரி என்றாலே அலுவலகத்துக்கு அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

2002 முதல் 2007 வரை நீலேகணி இன்ஃபோசிஸின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்தார். 2009-இல் கம்பெனிப் பொறுப்பை விட்டுவிட்டு, ஆதார் ஆணையத்தின் முதல் தலைவராக டெல்லிக்குப் போனார். அடுத்த ஆண்டு செப்டம்பரில், மகாராஷ்டிரத்தின் தெம்ப்ளி என்ற பழங்குடி கிராமத்தில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. அந்தரங்க உரிமை பற்றிய வழக்குகளும் ஆதாரைத் தொடர்ந்தன.

தேர்தல் மட்டும் கைகொடுக்கவில்லை. 2014-இல் தெற்கு பெங்களூரில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று, பாரதிய ஜனதா கட்சியின் அனந்த் குமாரிடம் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். 2017 ஆகஸ்டில் இன்ஃபோசிஸ் அவரைத் தலைவராகத் திரும்ப அழைத்துக்கொண்டது.