பரீட்சை மிஞ்சியது, விடுதி போயிற்று

குறிகட்டுவானில் தார் றோட்டு கடலோடு முடிந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேலாக ஓடிவரும் பஸ் இந்த இடத்தில் திரும்பிவிடும். அதற்கு அப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுதான். பாடசாலை நாளொன்றில் காலையிலேயே இறங்குதுறைக்குப் போனால் ஒரு வேடிக்கை தெரியும். ரவுணிலிருந்து வரும் ஆசிரியைகள் குடையும் சாப்பாட்டுப் பையுமாகப் படகுக்கு இறங்குவார்கள். படகில் வந்த வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் வேலணைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகிற பஸ்ஸுக்கு ஓடுவார்கள். கற்பிக்கிறவர் தீவுக்குள் போகிறார், படிக்கிறவர் தீவைவிட்டு வருகிறார். அந்த ஆசிரியைகளில் பலருடைய சொந்தப் பிள்ளைகளும் ரவுண் பள்ளிக்கூடங்களில்தான் படிக்கிறார்கள் என்பதைத் தீவுப் பெற்றோர் கவனிக்காமல் இல்லை.

“ரவுண் பள்ளிக்கூடத்திலை போட்டால்தான் பிள்ளை உருப்படும்” என்று தீவகத்தில் சொல்லாத வீடு குறைவு. பள்ளிக்கூடம் என்றதும் முதலில் வாயில் வருவது பெயர்தான்: இந்துக் கல்லூரி, வேம்படி, மத்திய கல்லூரி. எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேர்விட்டவை. அவற்றின் மதிப்பு சும்மா வந்ததல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பெயர்பெற்ற ரவுண் பள்ளிகளின் வாசல்கள் தீவுப் பிள்ளைக்கு முதலாம் தரத்தில் திறப்பதே அரிது. கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் வழமையாக வகுத்துவந்த கணக்கில் பாதி இடம் பள்ளிக்கு அருகே குடியிருப்போரின் பிள்ளைகளுக்கு. கால்வாசி பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 வீதம் ஏற்கெனவே அங்கே படிப்போரின் தம்பி தங்கையருக்கு. எஞ்சியதைக் கல்வித்துறை ஊழியரும், இடமாற்றம் பெற்ற அரச அலுவலரும், வெளிநாட்டிலிருந்து திரும்பியவரும் பங்குபோடுவார்கள். வீட்டு உறுதியும் வருடக்கணக்கான வாக்காளர் இடாப்பும் காட்டி அயலவர் என்று நிரூபிக்க நெடுந்தீவு மீனவரால் முடியுமா? ஆகவே தீவுப் பெற்றோர் காத்திருப்பது ஐந்தாம் தரத்துக்கு. புலமைப்பரிசில் பரீட்சைதான் அவர்களுக்குத் தெரிந்த கதவு.

அந்தப் பரீட்சை எதற்காக வந்தது என்பது இப்போது அநேகமாக மறந்துபோய்விட்டது. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி 1945 ஒக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கான வாதப் பிரதிவாதங்கள் நடந்த காலத்தில் அரசாங்க சபையின் சபாநாயகர் நாற்காலியில் இருந்தவர் வேலணையில் பிறந்த சேர் வைத்திலிங்கம் துரைச்சாமி. ஊர்காவற்றுறைத் தொகுதிக்காரர், 1936 முதல் 1947 வரை அந்தப் பதவியில் இருந்தவர். தீவகத்துக்கும் இலவசக் கல்விக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு என்பதை எங்கள் பரிசளிப்பு விழாப் பேச்சாளர்கள் ஏனோ சொல்வதில்லை.

கன்னங்கராவின் திட்டத்தில் கட்டணத்தை நீக்கியது ஒரு பங்கு மட்டுமே. நல்ல இடைநிலைப் பள்ளிகள் எல்லாம் நகரங்களில் குவிந்திருந்ததால் கிராமப்புறங்களில் மத்திய பாடசாலைகளை எழுப்பினார். 1940களின் முடிவுக்குள் அவை ஐம்பதைத் தாண்டின. சுற்றியுள்ள சிறிய பள்ளிகளிலிருந்து கெட்டிக்கார ஏழைப் பிள்ளைகளைத் தெரிவு செய்ய ஒரு பரீட்சை, தெரிவானவர்களுக்கு அந்தப் பாடசாலையிலேயே விடுதி, மூன்று நேரச் சாப்பாடு. பரீட்சையும் கட்டிலும் ஒன்றாகவே வந்தன. பிள்ளை சித்தியடைந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும், குடும்பம் ஊரிலேயே இருக்கும்.

இன்றைக்குப் பரீட்சை மட்டும் பெருத்துவிட்டது. ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பத்து வயதுப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி, அதற்காக மூன்றாம் தரத்திலேயே தொடங்குகிற ரியூசன், சித்தியடைந்த பிள்ளைக்கு மதிலில் பதாகை. 2024இல் வினாக்கள் முன்கூட்டியே வெளியே வந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. பத்து வயதுப் பிள்ளையின் கேள்வித்தாள் ஒரு நாட்டின் உயர் நீதிமன்றத்துக்குப் போகிறதென்றால் அதில் எவ்வளவு ஆசையும் பயமும் ஏற்றப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்! விடுதிகளோ பின்தங்கிவிட்டன. விடுதி நடத்தும் கல்லூரிகள் இன்றும் உண்டு. ஆனால் சித்தியடைந்த பிள்ளைக்குப் படுக்கவும் இடம் சேர்ந்தே கிடைக்கும் என்ற பழைய ஏற்பாடு இல்லை.

அதனால் தீவில் ஒரு பிள்ளை சித்தியடைந்தால் நடப்பது இதுதான். தாய் ரவுணில் வாடகைக்கு ஓர் அறை எடுப்பார். தகப்பன் வள்ளத்தையும் வலையையும் விட்டு வர முடியாது, தீவில் தனியாகச் சமைப்பார். ஒரு குடும்பத்துக்கு இரண்டு அடுப்பு. தாயுடன் இளைய பிள்ளைகளும் போகும். ஒரு பிள்ளையின் சித்தியால் ஊர்ப் பள்ளிக்கூடம் மூன்று பிள்ளைகளை இழக்கும். அடுத்த ஆண்டு அந்த வகுப்பில் ஆட்கள் குறைவு என்று சொல்லி ஓர் ஆசிரியரை எடுப்பார்கள். ஆசிரியர் இல்லை என்று சொல்லி இன்னொரு குடும்பம் படகேறும்.

நாடு முழுவதும் உள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரச பாடசாலைகளில் ஏறத்தாழ 1,500இல் ஐம்பதுக்கும் குறைவான மாணவர்களே படிக்கிறார்கள். தீவகத்தில் இது கண்கூடு. புங்குடுதீவில் குறிச்சிக்கொரு பள்ளிக்கூடம் இருப்பதற்குக் காரணம் உண்டு. மிசனரிமார் ஒரு பக்கமும், 1923இல் தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கமும் ஊர்ப் பெரியவர்களும் மறுபக்கமுமாகப் போட்டி போட்டுக் கட்டினார்கள். 1960, 61ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் அவற்றில் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்கு வந்தன. பிறகு 1990, 91இல் யுத்தம் தீவுகளைக் காலியாக்கியது. வன்னிக்கும் கொழும்புக்கும் கனடாவுக்கும் சுவிசுக்கும் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் சொற்பம். பெருங்கூட்டத்துக்காகக் கட்டிய பள்ளிகளில் சிறு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்களின் பாசத்தில் குறையில்லை. மண்டபம் கேட்டால் ரொறன்ரோவிலிருந்து வரும், கணினி கேட்டால் சூரிச்சிலிருந்து வரும். கணித ஆசிரியரை மட்டும் யாரும் அனுப்ப முடியாது.

பிள்ளைகள் குறைந்த பள்ளி என்றாலே மோசமான பள்ளி என்று நினைப்பதுதான் எனக்கு உடன்பாடில்லாத இடம். ஆரம்ப வகுப்புகளில் எட்டுப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பு ஒரு கொடை. யார் எழுத்துக் கூட்டத் திணறுகிறது, யார் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று ஆசிரியைக்குத் தெரியும். ரவுணில் நாற்பது பேருக்கு நடுவே பின்வாங்கில் இருக்கிற பிள்ளைக்கு இந்த வாய்ப்பு இல்லை. இரண்டு மூன்று தரங்களை ஒரே ஆசிரியை ஒரே அறையில் வைத்துப் படிப்பிக்க வேண்டியிருப்பதைப் பெற்றோர் பெரிய குறையாகச் சொல்கிறார்கள். பல்தரக் கற்பித்தல் என்பது வழியில்லாதவர்களின் வழி மட்டுமல்ல. ஆந்திரத்தின் ரிஷி வேலியில், மலையோரச் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டை அட்டையாக முன்னேறும் முறை ஒன்றை உருவாக்கினார்கள். அதைக் கற்றுவந்துதான் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். நான்கைந்து ஆண்டுகளில் அது தமிழ்நாட்டு அரசு ஆரம்பப் பள்ளிகள் எங்கும் பரவியது. கொலம்பியாவில் 1970களிலிருந்தே ‘எஸ்குவேலா நுவேவா’ என்ற பெயரில் ஓராசிரியர் கிராமப் பள்ளிகள் இதே போக்கில் நடக்கின்றன. பல தரங்கள் ஓர் அறையில் இருப்பதால் கெடுதி வருவதில்லை. அதற்கென்று பயிற்சியும் பொருளும் கொடுக்காமல், ஒரு தரத்துக்கு எழுதிய பாடநூலை மூன்று தரத்துக்கு நீட்டச் சொல்வதால்தான் வருகிறது.

இதில் மறைக்கக்கூடாத ஒன்றும் இருக்கிறது. எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த சிறிய ஊரில், ஒரு பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை, எந்தக் குறிச்சி என்பதும் தெரியும். எழுத்தாளரும் ஆசிரியருமான மு. தளையசிங்கம் இந்தப் புங்குடுதீவுக்காரர். ஒடுக்கப்பட்ட மக்கள் கண்ணகி அம்மன் கோயில் கிணற்றில் தண்ணீர் அள்ள உரிமை கேட்டு 1971இல் போராடி, பொலிசாரிடம் அடி வாங்கினார். இரண்டு ஆண்டுகளில் இறந்துபோனார், வயது நாற்பதுகூட ஆகவில்லை. அந்தக் காலத்தைக் கண்ட குடும்பம் ஒன்று, “எங்களைத் தெரியாத பள்ளிக்கூடம் வேணும்” என்று ரவுணுக்குப் போனால் அதைப் பகட்டு என்று நான் சொல்ல மாட்டேன். ஊர்ப் பள்ளியின் நெருக்கம் எல்லாருக்கும் ஒரே மாதிரி இனிப்பதில்லை.

ஆறாம் தரத்துக்குப் பிறகு கணக்கு மாறுகிறது. விஞ்ஞானம், கணிதம், ஆங்கிலம் ஒவ்வொன்றுக்கும் அந்தந்தப் பாடத்தைப் படித்த ஆசிரியர் வேண்டும். எட்டுப் பிள்ளைகளுக்காக ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஆசிரியர் என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டால் கிடைக்காது. உயர்தரத்துக்கு வந்தால் இன்னும் இறுக்கம். விஞ்ஞான, கணிதப் பிரிவு உள்ளது 1ஏபீ பாடசாலை, கலையும் வர்த்தகமும் மட்டும் என்றால் 1சீ. தீவிலிருக்கிற பள்ளிக்கு என்ன பிரிவு இருக்கிறதோ அதுவே பிள்ளையின் விருப்பமாகிவிடும். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும் 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும் போகிறது. அந்த ஒதுக்கீட்டில் நெடுந்தீவும் நல்லூரும் ஒரே யாழ்ப்பாண மாவட்டம்தான். கடல் தாண்டி ஆய்வுகூடம் தேடுகிற பிள்ளையும், வீட்டிலிருந்து நடந்துபோய் நான்கு ரியூசன் எடுக்கிற பிள்ளையும் ஒரே பட்டியலில் நிற்கிறார்கள்.

என்னைக் கேட்டால் ஐந்தாம் தரம் வரை பிள்ளை தாய் தகப்பனோடு தீவில் இருப்பது நல்லது. உயர்தரத்தில் கணிதமோ உயிரியலோ படிக்க விரும்பினால் ரவுணுக்குப் போகத்தான் வேண்டும். அதை ஊர்ப் பாசத்தால் தடுப்பது பிள்ளைக்குச் செய்கிற அநியாயம். தமிழறிஞர் தனிநாயகம் அடிகளார் ஊர்காவற்றுறை புனித அந்தோனியாரில் தொடங்கி யாழ்ப்பாணம் புனித பத்திரிசியாரில் படிப்பைத் தொடர்ந்தவர்தானே. சிக்கல் இடையிலுள்ள ஆறு ஆண்டுகளில்தான். அதற்கு வேண்டியது தீவகத்துக்குள்ளேயே, ஊர்காவற்றுறையிலோ வேலணையிலோ, பொறுப்பானவர் பார்த்துக்கொள்ளும் ஒரு விடுதி. அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவு, நெடுந்தீவுப் பிள்ளைகள் வார இறுதியில் வீடு போய் வரலாம். அதற்குக் கன்னங்கராவின் பழைய யோசனையே போதும், புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அடுத்த மண்டபத்துக்குக் காசு சேர்க்கும் புலம்பெயர் சங்கங்கள் கட்டில்களைப் பற்றியும் யோசிக்கலாம்.

அதுவரைக்கும் தெரிவு பெற்றோர் தலையில்தான். பள்ளியின் பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு அதிபரிடம் வேறு சிலவற்றைக் கேட்டுப் பாருங்கள். கணித ஆசிரியர் நிரந்தரமா, அவருடைய இடமாற்றம் எப்போது வருகிறது? ரவுண் பள்ளி என்றால், மணி அடித்த பிறகு இருட்டும்வரை பிள்ளை எங்கே, யாருடைய கண்ணில் இருக்கும்? உறவினர் வீட்டில் விடுவதானால் அந்த வீட்டில் பிள்ளை படிக்க ஒரு மேசை இருக்கிறதா, அல்லது கடைக்கும் கிணற்றுக்கும் ஓடுகிற வேலைதான் காத்திருக்கிறதா? தினமும் போய்வருவதென்றால் காலையில் எழும்புவதிலிருந்து இரவு படுப்பது வரை ஒரு நாளைத் தாளில் எழுதிப் பாருங்கள். படகுக்கும் பஸ்ஸுக்கும் போன நேரம் போக என்ன மிஞ்சுகிறது என்று தெரியும். தீவுப் பள்ளி என்றால் ஆசிரியர்கள் தங்குவதற்கு இடம் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். தங்க இடமில்லாத ஆசிரியருக்குத் திங்கட்கிழமை முதற்பாடத்தைப் படகுதான் தீர்மானிக்கும், வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடத்தையும் அதுவே. சோளகக் காற்றுப் பெயர்ந்து கடல் கொந்தளிக்கிற நாட்களில் படகே ஓடாது. ஆசிரியர் தங்கியிருக்கிற பள்ளிக்கூடத்தில் அன்றைக்கும் பாடம் நடக்கும்.