வேகக் காருக்கு நல்ல டியூனர்: ஜி.டி-ஆர் சொல்லித்தரும் பாடம்

நிஸான் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட ஆர்32 ஸ்கைலைன் ஜி.டி-ஆர் கார், 280 குதிரைத்திறனோடு விற்பனைக்கு வந்தது. அந்த அளவைத் தாண்டுவதில்லை என்று ஜப்பானியக் கார் நிறுவனங்கள் அப்போது தமக்குள் ஓர் உடன்பாடு வைத்திருந்தன. ஆனால் இந்தக் காரின் 2.6 லிட்டர் எஞ்சின் குரூப் ஏ கார் பந்தயத்தை மனத்தில் வைத்தே உருவானது. ஆறு சிலிண்டர்கள், இரண்டு டர்போக்கள், கனமான இரும்பு பிளாக். பந்தயக் கார்களில் இதே எஞ்சின் 500 குதிரைத்திறனுக்கு மேல் கொடுத்தது. 1990 முதல் 1993 வரை ஜப்பானிய டூரிங் கார் போட்டியில் கலந்துகொண்ட 29 பந்தயங்களையும் ஜி.டி-ஆர் வென்றது. எஞ்சினுக்குள் இத்தனை சக்தி மிச்சம் இருந்ததால், அதை வெளியே கொண்டுவருவதே தனித்தொழிலாக வளர்ந்தது. அதைச் செய்பவர்தான் டியூனர்.

டியூனரின் வேலை இரண்டு பகுதிகள் கொண்டது. ஒன்று, டர்போ, இன்ஜெக்டர், இன்டர்கூலர் போன்ற பாகங்களை மாற்றுவது. மற்றொன்று, எஞ்சினை இயக்கும் கணினியான இ.சி.யு.வில் உள்ள ‘மேப்’பைத் திருத்துவது. எந்த வேகத்தில், எவ்வளவு பாரத்தில் எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும், பிளக் எப்போது பொறி தர வேண்டும் என்பதையெல்லாம் மேப்தான் தீர்மானிக்கிறது. டர்போ தரும் அழுத்தமான பூஸ்டைக் கூட்டிவிட்டுப் பெட்ரோலைக் கூட்டாமல் விட்டாலோ, பொறியை அளவுக்கு மீறி முன்னே தள்ளினாலோ நாக்கிங் வரும். சிலிண்டருக்குள் தீ பரவி வந்து சேரும் முன்பே மிச்சக் கலவை தானாக வெடிப்பதே நாக்கிங். முழு பூஸ்டில் இது தொடர்ந்தால் சில நொடிகளில் பிஸ்டன் உடைந்துவிடக்கூடும்.

பொதுவான மெக்கானிக்கும் ஒரே ஒரு வகைக் காரை மட்டுமே கையாளும் நிபுணரும் வேறுபடுவது, காரின் பலவீனங்களைத் தெரிந்துவைத்திருப்பதில்தான். ஜி.டி-ஆருக்குத் தொழிற்சாலையில் பொருத்திய டர்போக்களில் வெளியேறும் புகை சுழற்றும் சக்கரம் செராமிக்கால் ஆனது. எடை குறைவு, சட்டென்று சுழலத் தொடங்கும். ஆனால் பூஸ்ட் சுமார் 1 பார் அழுத்தத்தைத் தாண்டினால் சூட்டிலும் வேகத்திலும் அது தண்டிலிருந்து பிய்ந்து போகும் ஆபத்து உண்டு. அடுத்தது ஆயில் பம்ப். தொடக்க கால ஆர்32 எஞ்சின்களில் கிராங்க் தண்டு பம்பைப் பற்றிச் சுழற்றும் இடம் குறுகலானது. அதிக வேகத்தில் அதிர்வு தொடர்ந்தால் பம்பின் கியர் விரிசல் விடும். ஆயில் நின்றால் எஞ்சினும் முடிந்தது. காற்றை அளக்கும் மீட்டர்களுக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் வரும் காற்றை அவற்றால் கணக்கிட முடியாது. இவற்றைப் பற்றி வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே பேசுபவர்தான் இந்தக் காரின் நிபுணர்.

நிபுணர்களிலும் வகைகள் உண்டு. ஃபூஜி மலை அடிவாரத்தில் 1973-இல் தொடங்கிய எச்.கே.எஸ்., டர்போ உள்ளிட்ட பாகங்களைத் தயாரித்து உலகெங்கும் விற்கிறது. யொகோசுகாவில் உள்ள மைன்ஸ், சாலையில் சீராக ஓடும் எஞ்சினுக்கும் இ.சி.யு. வேலைக்கும் பெயர் பெற்றது. நிஸானின் பந்தயப் பிரிவான நிஸ்மோ, யொகோஹாமாவில் உள்ள ஓமோரி ஃபேக்டரியில் பழைய ஜி.டி-ஆர்களைப் புதுப்பித்தும் மேம்படுத்தியும் தருகிறது. தினமும் ஓட்டும் காருக்கும் நேர்கோட்டுப் பந்தயத்துக்கான காருக்கும் தேவை ஒன்றல்ல. உரிமையாளர் தன் தேவையை முதலில் முடிவு செய்துகொண்டு, அதே வகைக் கார்களைக் கட்டிய பட்டறையைத் தேட வேண்டும். அங்கே வேலை முடிந்து சில ஆண்டுகள் ஓடிய கார்களின் உரிமையாளர்களிடம் விசாரிப்பது நல்லது.

முதல் சந்திப்பே பாதி விடையைத் தந்துவிடும். ஆர்32 கார்கள் எல்லாம் முப்பது வயதைக் கடந்தவை. பல கைகள் மாறியவை. முன்பு யார் எதை மாற்றினார்கள் என்பது பெரும்பாலும் தெரியாது. ஆகவே நல்ல டியூனர் ஆறு சிலிண்டர்களிலும் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்வார். ஆறும் ஏறத்தாழ ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் கணிசமாகக் குறைந்தால், அந்த எஞ்சினைச் சரிசெய்யாமல் பூஸ்டைக் கூட்ட மறுத்துவிடுவார். ஆயில் அழுத்தம், பெட்ரோல் பம்ப், காற்றுக் கசிவு ஆகியவற்றையும் பார்ப்பார். எந்த ஊர் பெட்ரோல் போடப்படுகிறது என்றும் கேட்பார். ஜப்பானின் உயர்ரகப் பெட்ரோலுக்கு அமைத்த மேப், ஆக்டேன் குறைந்த பெட்ரோலில் நாக்கிங் தரும். வேகம் கூடினால் பிரேக்கும் கூலிங்கும் கூட வேண்டும் என்பதையும் அவரே எடுத்துச் சொல்வார்.

அடுத்து டைனோ. சக்கரங்களில் வரும் சக்தியை அளக்கும் கருவி இது. ஜி.டி-ஆர் நான்கு சக்கரங்களுக்கும் சக்தி அனுப்பும் கார் என்பதால், நான்கு சக்கர டைனோ உள்ள பட்டறையே வசதி. ஒரு டைனோ காட்டும் எண்ணை இன்னொன்று காட்டும் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. கருவியின் வகை, அன்றைய வெப்பம், திருத்தக் கணக்கு ஆகியவற்றால் அவை மாறும். ஒரே டைனோவில் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு வரைபடங்களைத்தான் ஒப்பிட வேண்டும். அதிலும் உச்ச எண்ணைவிட, கோடு எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு சீராக ஏறுகிறது என்பதே சாலையில் உணரக்கூடியது. கூடவே காற்று-பெட்ரோல் விகிதப் பதிவையும் கேட்டு வாங்க வேண்டும். பெட்ரோல் முழுமையாக எரியத் தேவையான விகிதம் 14.7-க்கு 1. முழு பூஸ்டில் எஞ்சினைக் காக்க இது 12-க்கு 1 அல்லது அதற்கும் கீழே இருப்பது வழக்கம். நாக்கிங் பதிவையும் காட்டத் தயங்காதவர் நம்பத் தகுந்தவர்.

பணம் கொடுக்கும் முன் சில விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். மாற்றும் பாகங்களின் பட்டியல், கூலி, உத்தரவாதத்தின் எல்லை, மேப் பூட்டப்படுமா, பிறகு வேறொருவர் திருத்த முடியுமா என்பவை அவை. சட்டத்தையும் மறக்கக் கூடாது. ஜப்பானில் தனியார் கார்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ‘ஷாகென்’ பரிசோதனையில் தேற வேண்டும். புகையும் சத்தமும் அளவை மீறினால் கார் சாலைக்கு வர முடியாது.

பெரிய குதிரைத்திறன் எண்ணுக்கு வாக்குறுதி தரும் பட்டறைகள் எங்கும் கிடைக்கும். முதலில் அளந்து பார்த்து, தேவைப்பட்டால் ‘இந்த எஞ்சினுக்கு இது வேண்டாம்’ என்று சொல்லும் டியூனரிடமே காரை ஒப்படைக்க வேண்டும்.